‘நாங்க’வை எடுத்த பிறகு

அந்த வீட்டின் முதல் பட்டதாரி சின்னவள்தான். வீட்டின் முன்பக்கம் சலவைக் கடை, பின்பக்கம் குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவில் ஈரத் துணி காயப்போடும் ஒரு நீண்ட அறை. கடைக்குப் போக வேண்டுமானாலும் வீட்டுக்குள் வர வேண்டுமானாலும் தொங்கும் விரிப்புகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்பா அவளுக்கு நினைவு தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கடையின் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பாள். மெஷின், பாய்லர், இஸ்திரி எல்லாம் பெரியவளின் ராஜ்ஜியம். சின்னவளுக்கு அவள் அக்கா.

அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை. அதைப் பற்றி அவளுக்குத் துளி வருத்தமும் கிடையாது. “ஒரே இடத்துல உக்காந்து இன்னொருத்தர் பேசிட்டே இருக்கறதைக் கேக்கணும்னா, அதுக்கு நான் கல்யாணமே பண்ணிக்குவேன்” என்பாள். தங்கை பட்டம் வாங்கியதும் அவளுக்கு ‘டிகிரி’ என்று பெயர் வைத்தாள். “ஏ டிகிரி, அந்தக் கூடையைத் தூக்கு. படிச்ச கை பட்டா துணி சீக்கிரம் காயுதான்னு பாப்போம்.” சின்னவள் முறைப்பாள். பிறகு கூடையைத் தூக்குவாள்.

வேலைக்கு விண்ணப்பம் போட்டால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். போவாள், வெறுங்கையோடு வருவாள். அவள் தடுக்கி விழும் இடம் எப்போதும் ஒன்றுதான். “நெருக்கடியான சமயத்துல நீங்க செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லுங்க” என்பார்கள். உடனே அவள் வாயில் “நாங்க அன்னைக்கு...” என்றுதான் வரும். பிறந்ததிலிருந்து எதையும் அவள் தனியாகச் செய்ததில்லை. எல்லாவற்றிலும் அக்கா இருந்தாள். ஒரு கம்பெனியில் கண்ணாடி போட்ட ஒருவர் அவளுக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியை எட்டிப் பார்த்தார்.

“நாங்கன்னா? கூட யாராவது வந்திருக்காங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வெளியே வந்து பேருந்துக்காக நின்றபோதுதான், தனக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தாள்.

அதன் பிறகுதான் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு அறை. சொல்லித் தருபவர் எந்தக் கதையைக் கேட்டாலும் “முதல்ல நிலைமை என்ன, அதைச் சொல்லு” என்பதால் அவருக்கு ‘நிலைமை சார்’ என்று பெயர். சம்பவத்தை எப்படித் தொடங்குவது, தான் செய்ததை எங்கே சொல்வது, விளைவை எப்படிச் சொல்லி முடிப்பது என்று அவரிடம் ஒரு வரிசை இருந்தது. சின்னவள் எழுந்து சொல்லத் தொடங்க, இரண்டாவது வரியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கம்பெனி ஒரு நாற்காலிதாம்மா போட்டிருக்கு. நாங்கன்னு சொன்னா குடும்பத்தோட வந்து உக்காருவியா?”

வகுப்பு குலுங்கிச் சிரித்தது.

“நடந்ததையே சொல்லு. நான் பொய் சொல்லச் சொல்லல. ‘நாங்க’ வர்ற இடத்துல எல்லாம் ‘நான்’ போடு. வாய் பழகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பாரு. அப்புறம் அது உனக்கே நிஜமாயிடும்.”

அந்தச் சமயத்தில்தான் சரக்கு அனுப்பும் ஒரு பெரிய கம்பெனியின் எழுத்துத் தேர்வில் அவள் தேறியிருந்தாள். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் வேலை. மிச்சம் நேர்காணல் மட்டும்தான். இதுவும் நழுவினால் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்க வேண்டியதுதான் என்று அம்மா சொல்லியிருந்தாள். மிரட்டலாகச் சொல்லவில்லை, தனக்குக் கால் வலிக்கிறது என்றுதான் சொன்னாள். சின்னவளுக்கு அது மிரட்டலைவிடப் பெரிதாகக் கேட்டது.

முதலில் அவள் எடுத்துக்கொண்டது கோட்டுக் கதை. பேங்க் மேனேஜர் ஒருவரின் கறுப்புக் கோட்டு காணாமல்போய், மனிதர் கடைக்கு வந்து மேசையைத் தட்டிய நாள் அது. அவரை உட்கார வைத்துப் பேசிச் சமாளித்தது சின்னவள். கோட்டைக் கண்டுபிடித்தது அக்கா. ‘66’ டோக்கனை யாரோ தலைகீழாகக் குத்தி அது ‘99’ ஆகியிருக்கும் என்று அவளுக்குத்தான் தோன்றியது. தெருத் தெருவாக நடந்து, ஒரு முடிதிருத்துபவரின் அலமாரியிலிருந்து அதை மீட்டு வந்தாள். அவரோ அதைப் போட்டுப் பார்த்து, அளவு சரியாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டாராம்.

துணி காயும் அறையில் விரிப்புகளுக்கு நடுவே நின்று சின்னவள் இதைச் சொல்லிப் பழகினாள். “எனக்கு டோக்கன் மேல சந்தேகம் வந்தது. நான் வீடு வீடாப் போனேன். நான் கண்டுபிடிச்சேன்.” முதலில் நாக்கு கூசியது. பொய்யா இது? கோட்டு கிடைத்தது உண்மை. தான் அங்கே இருந்ததும் உண்மை. ஒரு சொல்லின் வால்தானே போயிருக்கிறது? இப்படித் தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் வருவதற்குள் மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்லக் கூச்சம் போயிற்று.

மதியம் அந்த மேனேஜர் சட்டை வாங்க வந்தார். அம்மா பேச்சுவாக்கில் கோட்டு விஷயத்தை எடுத்தாள். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, “அதெல்லாம் இவ வேலைங்க. எனக்கு அந்தக் கோட்டு என்ன நிறம்னுகூடத் தெரியாது” என்றாள்.

அவர் போனதும் சின்னவள் கேட்டாள். “ஏன்க்கா அப்படிச் சொன்னே? நீதானே போய்த் தேடினே?”

“நானா? போடி. நான் எதுக்கு வெயில்ல அலையப்போறேன்?”

கிண்டல் செய்கிறாள் என்று சின்னவள் நினைத்தாள். பயிற்சி செய்தது காதில் விழுந்திருக்கும், அதற்குத்தான் இந்தக் குத்தல். ஆனால் அக்கா குத்திக் காட்டினால் முகத்தின் ஒரு ஓரத்தில் சிரிப்பு ஒளிந்திருக்கும். அன்றைக்கு அங்கே ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.

அடுத்தது பாய்லர் கதை. ஒரு மழைக்காலத்தில் நீராவிக் குழாய் வெடித்து, கடை முழுக்க வெள்ளைப் புகையாக ஆவி நிறைந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியவள் சின்னவள். ஆவிக்குள் புகுந்து வால்வைத் திருகி அடைத்தவள் அக்கா. முழங்கைக்குக் கீழே அவளுக்கு இலை வடிவத்தில் ஒரு தழும்பு உண்டு. அதைக் காட்டி, “கம்பெனி முத்திரை. எனக்குக் காலாவதித் தேதி கிடையாது” என்பாள்.

இந்தக் கதையைச் சொல்லிப் பழகும்போது விநோதமாக ஒன்று நடந்தது. “நான் வால்வைத் திருகினேன்” என்று சொன்ன இடத்தில், அந்த வால்வின் சக்கரம் அவள் உள்ளங்கையில் தட்டுப்பட்டது. அதில் ஒரு பல் உடைந்திருந்தது. அது எந்தப் பக்கம் திரும்பும், எந்த இடத்தில் சிக்கும், எல்லாம் தெரிந்தது. அவள் அந்த வால்வைத் தொட்டதே இல்லை. கையில் சுள்ளென்று எரிந்தது. சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தாள். தோல் சுத்தமாக இருந்தது.

தொங்கிய விரிப்புக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. அசையாமல் நின்றன. விரிப்பை விலக்கினாள். அக்கா வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“என்னக்கா?”

“எதையோ எடுக்க வந்தேன். என்னன்னு மறந்துபோச்சு.”

சின்னவள் அவள் கையைப் பிடித்துத் தழும்பைக் காட்டினாள். “இது எப்படி வந்துச்சு சொல்லு.”

அக்கா கையைத் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய துணியிலோ இருக்கும் கறையைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அட, ஆமா. எப்ப வந்துச்சு இது? நீ கேட்டதும்தான் கவனிக்கறேன்.”

அன்று சின்னவள் பழகுவதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தாள். ஆனால் மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றபோது கதை தண்ணீராக ஓடியது. தெருக்களின் வளைவுகள், முடிதிருத்துபவர் வீட்டு நாயின் குரைப்பு, ஆவியின் இரும்பு வாசம், எல்லாம் அவளுக்குள் இருந்தன. அவள் போகாத தெருக்கள் அவை. நிலைமை சார் பேனாவை மூடி வைத்தார்.

“இப்பத்தாம்மா நேர்ல பாத்த மாதிரி இருக்கு. போன வாரம் சொன்னவ வேற யாரோ.”

வகுப்பு கை தட்டியது. வாழ்க்கையில் அவளுக்காக ஒரு அறை கை தட்டியது அதுதான் முதல் தடவை. அந்தச் சத்தம் பிடித்திருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அக்கா சம்பந்தப்பட்ட வேறு எதையும் இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கீழே இறங்கினாள். ஆனால் வாய் பழகிவிட்டது. இரண்டு நாள் கழித்து வகுப்பில், “புது இடத்துக்குப் போய் எப்படிச் சமாளிச்சே, சொல்லு” என்று நிலைமை சார் சட்டென்று அவளைக் கை காட்டினார். யோசிக்க நேரமில்லை. கல்லூரியின் முதல் நாள் வாயில் வந்துவிட்டது.

அந்த நாளில் அக்காதான் அவளைக் கூட்டிப் போனாள். இரண்டு பேருக்கும் வழி தெரியாது. பேருந்து நின்ற இடத்தில் ஒரு பெரிய கட்டடம். காவலாளியிடம் அக்கா “அட்மிஷன் எங்கங்க?” என்று கேட்டாள். அவர் கை காட்டிய வரிசையில் போய் நின்றார்கள். வரிசையில் எல்லாரும் ஏன் இப்படி இருமுகிறார்கள் என்று சின்னவளுக்குச் சந்தேகம். கடைசியில் ஒரு டாக்டர் நிமிர்ந்து பார்த்து, “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றார். “இவளுக்குத்தாங்க. படிக்கணும் படிக்கணும்னு ஒரே பினாத்தல்” என்றாள் அக்கா. அங்கிருந்து கல்லூரி வரை இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே நடந்தார்கள். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால், “அட்மிஷன் போடணுமா?” என்று அக்கா கேட்பாள். அவர்களுக்குள் இருந்ததிலேயே நல்ல சிரிப்பு அது.

வகுப்பில் அவள் அதைச் சொல்லி முடித்தபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “நான் தனியா பஸ் ஏறினேன். நான் அட்மிஷன் எங்கேன்னு கேட்டேன். டாக்டர்கிட்ட நானே சொன்னேன்.”

பாதியில் எழுந்து வந்துவிட்டாள். பேருந்தில் கண்ணை மூடி அந்த நாளைத் தேடினாள். வரிசை இருந்தது. இருமல் இருந்தது. டாக்டர் இருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்து விரிப்புகளை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். முகத்தில் நல்ல மரியாதை இருந்தது.

“வாங்க. டீ குடிக்கறீங்களா? எங்க வீட்டுல சர்க்கரை கம்மியாத்தான் போடுவோம். உங்களுக்கு எப்படி?”

எங்க வீடு. வெளி ஆளிடம் சொல்லும் சொல். கடைக்கு வரும் பேங்க் மேனேஜரிடம் அக்கா அப்படிச் சொல்வாள், மெஷின் பழுது பார்க்க வருபவரிடம் சொல்வாள். தங்கையிடம் பேசும்போது அது எப்போதும் நம்ம வீடு, நம்ம கடை, நம்ம அம்மா. 

“அக்கா, விளையாடாதே.”

“விளையாடலீங்க.” அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். குரலில் தவிப்பு இருந்தது. “நீங்க என் தங்கச்சிதான். அம்மா சொல்றாங்க, முகமும் அவங்க ஜாடையா இருக்கு. நானும் ரொம்ப நேரமா தேடிப் பாக்கறேன். டோக்கன் இருக்கு, துணி இல்ல. எங்க வெச்சேன்னு தெரியல.”

முன்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “என்னடி ரெண்டு பேரும் புதுசா நீங்க வாங்கன்னு? சண்டையா? பேசித் தொலைச்சு முடிங்க.”

அம்மாவிடம் சொல்லி என்ன புரியவைப்பது? சின்னவள் துணி அறைக்கு ஓடி, எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். “நாங்க தேடினோம். நாங்க அடைச்சோம். நாங்க வரிசையில நின்னோம்.” வாய் சொன்னது. கண்ணுக்குள் ஒரே ஒருத்திதான் நடந்தாள், தேடினாள், திருகினாள். அக்காவை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் அவள் சொற்களை அடுக்கிக்கொண்டே போனாள். எடுத்த வழியிலேயே திருப்பி வைக்க முடியவில்லை.

நேர்காணல் நாள் வந்தது. காலையில் அக்கா அவள் சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்து, “நல்லபடியா முடியட்டும்ங்க” என்று வாசல் வரை வந்தாள். கடைக்கு வரும் எல்லாரையும் அப்படித்தான் வழியனுப்புவாள்.

கம்பெனியின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நரைத்த மீசைக்காரர் நடுவில், கோப்பைப் புரட்டும் ஒரு அம்மாள் ஒரு பக்கம், எதுவும் பேசாத இளைஞர் ஒருவர் மறுபக்கம். கோபமாக வந்த வாடிக்கையாளர் ஒருவரைச் சமாளித்ததைக் கேட்டார்கள், கோட்டுக் கதையைச் சொன்னாள். அம்மாள் முகம் மலர்ந்தது. நெருக்கடியில் செய்ததைக் கேட்டார்கள், அதற்குப் பாய்லர் கதை. அதையும் சொன்னாள், தானாகவே வந்தது. வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

“கடைசிக் கேள்வி. நீங்க தோத்துப்போன ஒரு சம்பவம்” என்றார் மீசைக்காரர்.

இதற்கும் ஒரு கதை தயாராக இருந்தது. ஒரு ஓட்டலின் வெள்ளை விரிப்புகளெல்லாம் சாயம் ஏறி நீலமாகிப்போன கதை. அதிலும் அக்கா இருந்தாள். இன்னும் இருந்தாள். மெஷினைத் திறந்து எட்டிப் பார்த்து, “வானத்தையே வெளுத்துட்டோம்டி” என்று அவள் சொன்னது சின்னவளுக்கு அச்சு அசலாக நினைவிருந்தது. தன்னிடம் மிச்சமிருப்பது இது ஒன்றுதான் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“சொல்லுங்க.”

“இந்த வேலைக்குத் தயாரானதுதாங்க நான் தோத்தது.”

அம்மாள் கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். சின்னவள் சொன்னாள். ‘நாங்க’வை எடுத்ததையும், அக்கா தழும்பை அந்நியமாகப் பார்த்ததையும், எங்க வீடு என்று சொன்னதையும் நிலைமை, செயல், விளைவு என்ற வரிசை எதுவும் இல்லாமல் சொன்னாள். “இதுக்கு முன்னால சொன்ன ரெண்டும் என்னோடது இல்லீங்க. ஆனா யாரோடதுன்னு நிரூபிக்க எனக்கு ஞாபகம் இல்ல.”

 இளைஞர் சிரிக்கலாமா என்று மற்ற இருவரையும் பார்த்தார். அம்மாள் பேனாவை எடுத்து ஏதோ எழுதப்போய், எழுதாமல் வைத்தாள்.

மீசைக்காரர் சின்னவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்திலிருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் வீட்டுல ஒரு போட்டோ இருக்கும்மா” என்றார். “அதுல நான் சின்னப் பையன். பக்கத்துல இன்னொரு பையன் என் தோள் மேல கை போட்டிருக்கான். அது உன் அண்ணன்டா, அண்ணன்டான்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க.” பார்வையை அந்த வெறும் இடத்திலிருந்து எடுத்தார். “எனக்குச் சின்ன வயசுலேயே நல்ல வேலை கிடைச்சுது.”

 அவர் அம்மாளின் கோப்பை எட்டி மூடினார்.

“அடுத்தவரைக் கூப்பிடுங்க.”

வீட்டுக்கு வந்தபோது அக்கா, “எப்படிப் போச்சு?” என்றாள். நீ என்றும் இல்லை, நீங்க என்றும் இல்லை. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாதவர்கள் பேசும் பேச்சு அது. சின்னவள் அதையே பெரிய ஆறுதலாக எடுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஒரு பிற்பகலில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சின்னவள் அப்போது துணி அறையில் அக்காவோடு ஒரு பெரிய விரிப்பை மடிக்கப் பிடித்திருந்தாள். ஒரு நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி பேசினாள். பேசியது ஒரு பெண். உற்சாகமான குரல்.

“வாழ்த்துகள். திங்கட்கிழமை சேரலாம். ஒரே ஒரு விஷயம். முதல் நாள் புதுசா வர்றவங்க எல்லாரும் மேடையில தங்களைப் பத்தி ஒரு கதை சொல்லுவாங்க. அது இங்க வழக்கம். ஒண்ணு தயார் பண்ணிட்டு வந்துடுங்க.”

விரிப்பின் மறுமுனையில் அக்கா பொறுமையாக நின்றாள். அவள் முகத்தில் பாதி துணிக்குப் பின்னால் இருந்தது.

“வேலை செய்யறேங்க. எந்தப் பிரிவுல போட்டாலும் செய்யறேன். கதை மட்டும் சொல்ல மாட்டேன்” என்றாள் சின்னவள்.

“சும்மா ஒரு சின்னச் சம்பவம் போதுங்க. எல்லாருக்கும் ஒண்ணாவது இருக்குமே.”

“இருக்குங்க. ஒண்ணு இருக்கு. அதைச் சொல்ல மாட்டேன்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். யாரிடமோ ஏதோ கேட்பது தெரிந்தது. “அப்போ பாத்துட்டுச் சொல்றோங்க” என்று குரல் இறங்கியது. அழைப்பு நின்றது. மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்துபோயிற்று. 

“யாருங்க போன்ல?” என்றாள் அக்கா.

“நம்மளுக்குத் தெரிஞ்சவங்க இல்ல.”

அந்த ‘நம்ம’வைக் கேட்டு அக்கா ஒரு கணம் தலையைச் சாய்த்தாள்.  விரிப்பின் தொய்வைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “பிடிக்கற விதம் தப்புங்க. பெருவிரல் உள்ள போகணும். இதுக்கு முன்னாடி நீங்க மடிச்சதில்லையா?”

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மடித்திருக்கிறாள். இதே அறையில், இதேபோல எதிரெதிராக நின்று.

“இல்லீங்க. முதல்லேருந்து சொல்லிக் குடுங்க” என்றாள் சின்னவள்.

அக்கா தன் முனையை எடுத்துக்கொண்டு அவளை நோக்கி நடந்து வந்தாள்.